களைக்குக் குருணை: மருந்து பாதி, தண்ணீர் பாதி

எங்கள் தொலைக்காட்சி மன்றத்தில் களைக்கொல்லிக் குருணை பற்றி நான் பேசியதைக் கட்டுரையாகத் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டைப் பக்கத்தில் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்ப்பவர்கள். "வயல் அங்கே இருக்கிறது, பணம் இங்கிருந்து போகிறது, நடப்பது என்னவென்று தெரியவில்லை" என்பதுதான் எல்லாருடைய குறையும். என் குறையும் அதுவே. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

டோபி காட் ரயில் நிலையத்தில் வடக்கு-கிழக்குப் பாதையிலிருந்து வட்டப் பாதைக்கு மாறுவதற்கு நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து சித்தப்பா பேசினார்.

"ஏம்மா, குருணை போட்டும் களை மண்டிப் போச்சு. கடைக்காரன் போலி மருந்தைக் குடுத்து ஏமாத்திட்டான்போல. இனிமே ஆள் விட்டுத்தான் பறிக்கணும். கொஞ்சம் பணம் அனுப்புறியா?"

எங்கள் நிலம் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதில் குருணைக்கு ஒரு செலவு, கைக்களைக்கு இன்னொரு செலவு என்றால் விவசாயிக்கு என்ன மிஞ்சும்? எனக்கும் கடைக்காரர்மேல்தான் கோபம் வந்தது. மறுநாளே படிக்க உட்கார்ந்தேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளைப் படித்து முடித்தபோது என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் மருந்தைத் தெரிந்துகொள்வோம்.

எந்தக் குருணை?

ஊரில் "குருணை வாங்கணும்" என்று சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தக் குருணை?" என்பதுதான். அரிசிக் குருணை அளவில் மணிமணியாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். கார்போபியூரான், கார்டாப் போன்றவை பூச்சிகளுக்கான குருணைகள். தண்டுத் துளைப்பான் போன்ற பூச்சிகளுக்காகப் போடுவார்கள். பூட்டாக்குளோர் 5 சதவீதக் குருணை, பென்சல்பியூரான் மீத்தைலும் பிரெட்டிலாக்குளோரும் சேர்ந்த குருணை ஆகியவை களைகளுக்கானவை. இரண்டு வகையும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. பூச்சிக் குருணையைப் போட்டுவிட்டுக் களை சாகவில்லையே என்று காத்திருந்தால் பணமும் போகும், நாளும் போகும். பையின் மேல் அச்சடித்திருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

களை என்ன செய்யும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஜபல்பூரில் உள்ள இந்திய அரசின் களை ஆராய்ச்சி இயக்குநரகத்தைச் சேர்ந்தவர்கள் 18 மாநிலங்களில் விவசாயிகளின் வயல்களில் நடந்த 1,581 சோதனைகளைத் தொகுத்து 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். களையால் நடவு நெல்லில் சுமார் 14 சதவீத விளைச்சலும், நேரடியாக விதைக்கும் நெல்லில் சுமார் 21 சதவீத விளைச்சலும் போகக்கூடும் என்றது அந்தக் கணக்கு. 100 மூட்டை வர வேண்டிய இடத்தில் 14 மூட்டை குறைவது சின்ன விஷயமா? அதுவும் நட்டு முதல் 30, 40 நாளில் முளைக்கும் களைதான் அதிகம் கெடுக்கிறது. நெல் தூர் கட்டி, இலைகள் வயலை மூடிவிட்டால் அதன்பின் வரும் களையை நெல்லே அடக்கிவிடும்.

குருணை எப்படி வேலை செய்கிறது?

தெளிப்பு மருந்தில் பல வகை, முளைத்து நிற்கும் களையின் இலையில் பட்டு அதைக் கொல்லும். குருணை அப்படி அல்ல. மணியில் மருந்து ஏற்றப்பட்டிருக்கிறது. வயலில் நிற்கும் தண்ணீரில் விழுந்ததும் மருந்து மெல்லக் கரைந்து, பரவி, சேற்றின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. மண்ணின் மேல்தட்டில் இருக்கும் களை விதை முளைவிட்டு அந்தப் படலத்தைத் தாண்டி மேலே வரும்போது மருந்தை உறிஞ்சிக்கொள்கிறது. பூட்டாக்குளோரும் பிரெட்டிலாக்குளோரும் இளம் முளையின் செல்கள் பெருகுவதைத் தடுக்கின்றன. பென்சல்பியூரான், செடிக்குத் தேவையான சில அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கிறது.

அப்படியானால் நெல் ஏன் சாவதில்லை என்று நிகழ்ச்சியில் ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. நட்ட நாற்று ஏற்கெனவே சில வாரம் வளர்ந்தது. மூன்று நான்கு இலை விட்டிருக்கும். அதன் வேர் படலத்துக்குக் கீழே சேற்றுக்குள் இருக்கும். களை அப்போதுதான் கண் விழிக்கும் பிள்ளை. இந்த வயது வித்தியாசத்தை நம்பித்தான் நடவு நெல்லுக்கான மருந்தே இருக்கிறது. களையும் இரண்டு மூன்று இலை விட்டு வளர்ந்துவிட்டால் வித்தியாசம் போய்விடும், மருந்தும் அதை ஒன்றும் செய்யாது. நாற்றாக நடாமல் விதையை நேரடியாகச் சேற்றில் விதைக்கும் வயலில் நெல்லும் களையும் ஒரே வயது. அங்கே நடவு நெல்லுக்கான குருணையைப் போட்டால் நெல் முளையும் அடிபடும். அதற்கென்று நெல்லைக் காக்கும் பொருள் சேர்த்த பிரெட்டிலாக்குளோர் தனியாக விற்கிறது.

கிழங்கிலிருந்தும் தண்டுத் துண்டிலிருந்தும் கிளம்பும் களைகளுக்குப் பூட்டாக்குளோர் அவ்வளவாகப் பயன்படாது. கோரைக்கிழங்கும் அருகும் அப்படிப்பட்டவை. விதையிலிருந்து முளைக்கும் குதிரைவாலிப் புல், வட்டக்கோரை போன்றவற்றுக்குத்தான் அது எமன்.

ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம்

பூட்டாக்குளோர் 5 சதவீதக் குருணை ஏக்கருக்குக் குறைந்தது 10 கிலோ வேண்டும். பென்சல்பியூரான், பிரெட்டிலாக்குளோர் கலந்த குருணை ஏக்கருக்கு 4 கிலோ போதும். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். 4 கிலோவை 4,000 சதுர மீட்டருக்குப் பங்கிட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம். சமையலறையில் ஒரு சிட்டிகை உப்பு எடுப்பீர்களே, ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த ஒரு சிட்டிகை எல்லா இடத்திலும் சமமாக விழ வேண்டும்.

கையால் அப்படித் தூவ யாராலும் முடியாது. அதனால்தான் களைக்கொல்லியை ஏக்கருக்கு 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து தூவச் சொல்கிறார்கள். மணல் மருந்தல்ல, மருந்தைச் சுமக்கும் வண்டி. ஈர மணலாக இருந்தால் கட்டி கட்டியாக விழும். கலந்ததை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை வயலின் நீளவாக்கிலும் மறு பங்கைக் குறுக்குவாக்கிலும் தூவினால் விட்டுப்போன இடம் குறையும். கைக்கு உறை வேண்டும். சமையல் பாத்திரத்திலோ மாட்டுத் தீவனக் கூடையிலோ கலக்கக்கூடாது. பையில் ஒரு சாய்சதுரக் குறி இருக்கும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் நஞ்சு குறைவு என்று பொருள், நஞ்சே இல்லை என்று பொருளல்ல.

தண்ணீர்தான் மீதிப் பாதி

நாம் நிற்கும் இந்த டோபி காட் என்ற பெயரே, அந்நாளில் இங்கே ஓடிய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்திய இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்தது. எவ்வளவு நல்ல சவர்க்காரம் இருந்தாலும் தண்ணீர் இல்லாவிட்டால் அவர்களுக்கு வேலை இல்லை. குருணையும் அப்படியே.

தூவும்போது வயலில் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அடுத்த 2 நாளுக்குத் தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதுத் தண்ணீர் பாய்ச்சவும் கூடாது. வடித்தால் மருந்து வாய்க்காலோடு போகும். பாய்ச்சினால் மருந்து ஒரு பக்கமாக ஒதுங்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். அது இருந்தால்தான் 4 கிலோ மருந்துக்கு வேலை. எனவே மடையை அடைத்து, எலி வளையை மூடி, வரப்பைச் சீர்செய்த பிறகுதான் பையைப் பிரிக்க வேண்டும்.

டெல்டாவில் இது சொல்லுமளவுக்கு எளிதல்ல. வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2024இல் நீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறக்கப்பட்டது. சம்பா, தாளடி நடவின்போதோ வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. ஒரு பருவத்தில் தண்ணீர் வராத கவலை, மறு பருவத்தில் வடியாத கவலை. வானிலை அறிவிப்பைப் பார்த்துக் கனமழை இல்லாத இரண்டு மூன்று நாளைத் தேர்ந்தெடுப்பதும் மருந்து போடுவதில் ஒரு பகுதிதான்.

களை எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று பார்த்தாலே தவறு எங்கே என்று தெரிந்துவிடும். மேடான திட்டுகளில் மட்டும் வந்திருந்தால் வயல் சமமாக இல்லை, அங்கே தண்ணீர் ஏறவில்லை. பட்டை பட்டையாக வந்திருந்தால் தூவியவர் கை அங்கே விட்டுப்போயிருக்கிறது. வயல் முழுவதும் வந்திருந்தால் மருந்து தாமதமாகப் போடப்பட்டிருக்கிறது, அல்லது தண்ணீர் வடிந்திருக்கிறது. இவை ஒன்றும் இல்லாதபோதுதான் போலி மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது சித்தப்பா கதைக்கு வருகிறேன். இதைப் படித்த பிறகு அவரை அழைத்துக் கேட்டேன். "நட்டு எத்தனையாவது நாள் போட்டீங்க?" என்றேன். "பத்து நாள் இருக்கும்மா. மறுநாளே மழை. நாத்து முழுகிடும்னு வரப்பை வெட்டி விட்டுட்டோம்" என்றார். நட்ட 3ஆம் நாளுக்குள் போட வேண்டிய மருந்து பத்தாம் நாள் போயிருக்கிறது. அதுவும் வாய்க்காலோடு. ஏன் பத்து நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். நடவன்று அவர் மருந்துக்குப் பணம் கேட்டு அழைத்தார். நான் படப்பிடிப்பில் இருந்தேன். பிறகு அனுப்பலாம் என்று விட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் அனுப்பினேன். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தாமதம் என்னுடையது.

இதை நிகழ்ச்சியில் சொன்னபோது அரங்கில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் இப்படி ஒரு கதை இருந்திருக்கும்.

வேறு பயிருக்கு உதவுமா?

கடலை, பருத்தி, காய்கறிக்கும் இதையே போடலாமா என்று ஓர் அண்ணன் கேட்டார். கூடாது. இந்தக் குருணைகள் தண்ணீர் நிற்கும் நடவு நெல்லுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை. மேட்டுப்பயிரில் குருணையைக் கரைக்கத் தண்ணீர் நிற்பதில்லை. மழையோ பாசனமோ கிடைக்காவிட்டால் மணி மணியாகவே கிடக்கும். கடலை போன்றவற்றுக்கு விதைத்த சில நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது பெண்டிமெத்தலின் போன்ற மருந்தைத் தெளிப்பதுதான் வழக்கம்.

இங்கே அடுக்குமாடி வீடுகளின் கீழே சமூகத் தோட்டம் வைத்திருப்பவர்களும் கேட்டார்கள். அதற்கு மருந்தே வேண்டாம். கையால் பறியுங்கள், காய்ந்த இலையால் மண்ணை மூடி வையுங்கள். நாலு பாத்திக்கு நமக்குக் கை போதும்.

ஒரே மருந்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்

"போன வருஷம் நல்லா கேட்டுச்சு, அதையே போடுவோம்" என்பது நம் வழக்கம். இதில் ஆபத்து இருக்கிறது. ஒரே வகை மருந்தை ஆண்டுதோறும் போட்டால் அதற்குத் தப்பிய ஒன்றிரண்டு களைகள் விதை உதிர்த்துப் பெருகும். 1990களின் தொடக்கத்தில் பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் என்ற மருந்து இப்படித்தான் ஒரு புல்லிடம் தோற்றது. நமக்குப் பக்கத்தில் மலேசியாவில், களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ரகம் 2010இல் வந்தது. வயலில் தானே முளைக்கும் களைநெல்லை அந்தக் களைக்கொல்லியால் ஒழிக்கலாம் என்பது திட்டம். அதை அங்கே "பாடி ஆங்கின்", காற்று நெல் என்பார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தக் களைநெல்லும் மருந்தைத் தாங்கத் தொடங்கிவிட்டது.

மாற்றிப் போடுகிறோம் என்று நினைத்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. பூட்டாக்குளோரும் பிரெட்டிலாக்குளோரும் பெயரில்தான் வேறு, ஒரே குடும்பத்து மருந்துகள். இன்னொரு நிறுவனத்தின் பையை வாங்குவதும் மாற்றம் ஆகாது. மருந்தின் வகை மாற வேண்டும், இடையிடையே கையும் கருவியும் வர வேண்டும்.

தடை செய்துவிட்டால் என்ன?

"நஞ்சு என்கிறீர்கள், பிறகு ஏன் விற்கவிடுகிறார்கள்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். 2020 மே மாதம் இந்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய ஒரு வரைவு வெளியிட்டது. அதில் பூட்டாக்குளோரும் இருந்தது. 2023இல் வந்த ஆணையில் சில மருந்துகளே தடை செய்யப்பட்டன. பூட்டாக்குளோர் அவற்றில் இல்லை. ஆனால் அது மீன்களுக்கு நஞ்சு என்பதில் ஐயமில்லை. மருந்து போட்ட தண்ணீரை வாய்க்காலில் வடித்தால் நம் காசும் வீண், கீழ்மடை ஊரின் குளத்து மீனுக்கும் கேடு. வாத்தையும் அந்த நாட்களில் வயலில் விடக்கூடாது.

அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடவும் முடியாது. இலங்கை 2021 மே மாதம் ரசாயன உரம், பயிர் மருந்துகளின் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது. விவசாயிகள் தவித்தார்கள், விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. மருந்தைக் குறைக்க வேண்டும் என்றால், அந்த வேலையைச் செய்ய வேறு கையும் கருவியும் முதலில் தயாராக இருக்க வேண்டும்.

குனிந்த முதுகுகள்

அந்தக் கை யாருடையது? டெல்டாவில் களை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் அப்பாயி காலத்தில் வரிசையாகக் குனிந்து நின்று, பேச்சும் பாட்டுமாகக் களை பறிப்பார்கள். பறித்த புல் மாட்டுக்கு, மடியில் கட்டிய ஆரைக்கீரை வீட்டுக் குழம்புக்கு. இன்று குருணை போட்ட வயலில் அந்தக் கீரையைப் பறித்துத் தின்னவும் கூடாது, அந்தப் புல்லை மாட்டுக்குப் போடவும் கூடாது. இதை அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டியது நிலத்துக்காரரின் கடமை.

குருணை வந்ததால் அவர்கள் தேவையில்லை என்று எண்ண வேண்டாம். மருந்தின் வேகம் சில வாரம்தான். அதன்பின் 30, 35ஆம் நாளில் ஒரு கைக்களை எடுக்க வேண்டும் என்பதும் பரிந்துரையின் ஒரு பகுதியே. ஆள் கிடைக்காவிட்டால், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோ வீடர் என்னும் உருளைக் களைக்கருவியை ஓட்டலாம். திருந்திய நெல் சாகுபடியில் அதுதான் முறை. களை சேற்றில் அமுங்கி உரமாகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால் நடவே வரிசையாக இல்லாவிட்டால் கருவி ஓடாது. ஆகவே களைக்கான முடிவை நடவுக்கு முன்பே எடுக்க வேண்டும்.

பணம் அனுப்புமுன் கேளுங்கள்

ஊரிலிருந்து அழைப்பு வந்தால் இவற்றைக் கேளுங்கள். நடவு என்றைக்கு? நாற்று நடவா, நேரடி விதைப்பா? பையில் இருப்பது களைக்கான மருந்தா, பூச்சிக்கான மருந்தா? காலாவதி நாள் தாண்டவில்லையே, ரசீது வாங்கியாயிற்றா? மடை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீர் நிற்கிறதா? போன போகத்தில் என்ன மருந்து போட்டீர்கள்? ஐயம் இருந்தால் அவர்களை உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கோ, நீடாமங்கலத்தில் இருப்பதுபோன்ற வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போகச் சொல்லுங்கள். இந்தியாவுக்குள்ளிருந்து 1800-180-1551 என்ற விவசாயிகள் அழைப்பு மையத்தின் எண்ணிலும் கட்டணமின்றிக் கேட்கலாம்.

கேள்விகளுக்குச் சரியான பதில் வந்தால், பணத்தை அன்றைக்கே அனுப்புங்கள். நடவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. இங்கே நமக்கு ஒரு வாரம் என்பது அடுத்த சனிக்கிழமை. அங்கே அதற்குள் களை மூன்று இலை விட்டுவிடும்.

சித்தப்பாவுக்குக் கைக்களைக்கான பணத்தை அனுப்பிவிட்டேன். கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். அடுத்த நடவின் தேதியை இப்போதே கேட்டு, கைப்பேசியின் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.